மாமாவின் துப்பாக்கிக்கு ஒரு விசை

இடைசெவலில் எங்கள் தாய்மாமன் வீட்டு உள்ளறைக் கதவில் சுண்டுவிரல் நுனி நுழையும் அளவில் ஒரு துளை இருக்கிறது. சென்ற சித்திரையில் விழுந்தது. துடைத்து வைப்பதற்கென்று எடுத்த ரைஃபிளின் போல்ட்டை மாமா முன்தள்ளி மூடிய கணத்தில் அது வெடித்துவிட்டது. தோட்டாப் பெட்டியில் ஒன்று தங்கியிருந்ததை அவர் கவனிக்கவில்லை. அது அவர் பிழைதான். ஆனால் விரல் விசையின்மேல் இல்லவே இல்லை என்று இன்றளவும் சாதிக்கிறார். கதவுக்கு அப்பால் அத்தை தரையில் அமர்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். நின்றிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை எங்களில் எவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

கி.ரா.வும் கு. அழகிரிசாமியும் பிறந்த ஊரென்பதால் இலக்கிய வாசகர் இடைசெவலை அறிவர். பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தபின், 1801 டிசம்பரில் கும்பினியார் பிரகடனம் போட்டு ஆயுதங்களைப் பறித்த சீமை இது. அதனாலோ என்னவோ, உரிமத்தோடு ஒரு துப்பாக்கி வைத்திருப்பது இங்கே சில குடும்பங்களுக்கு இன்னும் ஒரு கௌரவம். தாத்தா வாங்கியது இச்சாப்பூர்த் தொழிற்சாலையின் .315 ரைஃபிள். படையினரின் .303 தோட்டா குடிமக்களுக்கு விலக்கப்பட்டிருந்ததால் பிறந்த அளவு அது. உள்ளே இருப்பது லீ-என்ஃபீல்டு பொறிதான். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப்பின் அதற்கு வேட்டை ஏது? தேர்தல்தோறும் காவல் நிலையத்துக்குப் போய் வருவதே அதன் பயணம். மக்காச்சோளத்தைக் காட்டுப்பன்றி உழுதுவிட்டுப் போனாலும் மாமா சுட முடியாது. 2025 ஜனவரியில் அரசு அளித்த அனுமதியும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால், வனத்துறையினருக்கே உரியது.

விசையை மாற்றிவிடுவதென்று அண்ணனும் நாங்களுமாக முடிவு செய்தோம். ஹூஸ்டனிலிருக்கும் மாமாவின் பேரன் உற்சாகமாக அனுப்பிய விவரங்களைப் படித்தபோதுதான், ஒரு விசையில் இவ்வளவு இருக்கிறதா என்று மலைத்தோம். ஒரே அழுத்தத்தில் விடுபடுவது ஒரு வகை. முதலில் சற்றுத் தளர்வாக நகர்ந்து, ஓரிடத்தில் தடைபட்டு, பிறகு விடுபடுவது மற்றொரு வகை. லீ-என்ஃபீல்டு இந்த இரண்டாம் வகை. அதை முழுதும் இழுக்க 5, 6 பவுண்டு விசை வேண்டும். கடைகளில் தனியே விற்கும் வேட்டை விசைகளை அதில் பாதிக்கும் திருகிக் குறைத்துக்கொள்ளலாம். எடை குறைந்தால் குறி அசையாது என்பது உண்மை. ஆனால் அசையாத குறி மாமாவுக்கு எதற்கு? அவருக்கு வேண்டியது, தொடாதபோது வெடிக்காத ஒன்று.

இங்கே ரெமிங்டன் 700 நினைவுக்கு வந்தது. 1962இல் வந்த, உலகறிந்த வேட்டை ரைஃபிள். அதன் பழைய விசை தொடாமலே சுட்டுவிடுகிறது என்ற வழக்குகள் பல ஆண்டுகள் நடந்து, 2014இல் லட்சக்கணக்கான துப்பாக்கிகளுக்கு விசையை இலவசமாக மாற்றித் தரும் உடன்படிக்கையில் போய் நின்றன. பேர்பெற்றது என்பதற்காக வாங்கிவிட முடியாது என்று அண்ணன் சொன்னார். பிறகு சட்டத்தைப் பார்த்தோம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் துப்பாக்கியின் உறுப்பும் துப்பாக்கியே. பேரன் அதைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்துவிட இயலாது. பழுதுபார்ப்பதையும் உரிமம் பெற்றவரே செய்ய வேண்டும்.

(வகுப்பில் துப்பாக்கி என்ற சொல் வந்தாலே மாணவர் சிரிப்பர், வான்சிறப்பில் வரும் துப்பாக்கி வேறு என்று விளக்குவது எங்களுக்கு ஆண்டுதோறும் வாய்க்கும் கடமை. மாமாவோ விசை என்றும் சொல்வதில்லை, குதிரை என்பார்.)

மதுரையில் உரிமம் பெற்ற முதியவர் ஒருவரிடம் மாமாவோடு போனோம். அவர் குதிரையைத் தொடக்கூட இல்லை. கட்டையைத்தான் தடவிப் பார்த்தார். "எந்த ஊரு உங்களுக்கு?" என்றார். சொன்னதும் தலையசைத்தார்.

இந்தப் பழைய அமைப்பில் விசை, பொறியோடு பிணைக்கப்படாமல் கீழேயுள்ள காப்பு வளையத்தில் தொங்குகிறது. வளையத்துக்கும் பொறிக்கும் நடுவே இருப்பது மரம். மழையில் மரம் ஊதினால் வளையம் விலகி, விசையில் தளர்வு கூடும். கோடையில் சுருங்கினால் வளையம் நெருங்கி, விசை ஏற்கெனவே பாதி இழுத்த நிலைக்கு வந்துவிடும். அடிக்கும் ஊசியைப் பிடித்திருக்கும் கொக்கி நுனியில் மட்டும் பற்றி நிற்கும். போல்ட்டை வேகமாக மூடினால் நழுவும். இரண்டாம் உலகப்போருக்குப்பின் வந்த லீ-என்ஃபீல்டில் விசையைப் பொறியிலேயே மாட்டியது இதனால்தான் என்றார். சித்திரையில் கால் புகும் அளவுக்கு வெடிக்கிற கரிசலைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, அந்த மரமும் அதே வெயிலில்தான் கிடந்தது என்பது தோன்றாமல் போனது.

"அப்ப புதுக் குதிரை வேண்டாமாய்யா?" என்றார் மாமா.

"வேண்டாம். தேஞ்ச கொக்கிய மாத்துறேன், கட்டைய இறுக்கித் தர்றேன். வருசத்துக்கு ரெண்டுதரம் எண்ணெய் விடுங்க."

மூன்று வாரம் கழித்துத் திரும்பக் கிடைத்தது. தோட்டா இல்லாமல், போல்ட்டை இருபது முறை ஓங்கி மூடிக் காட்டினார். ஒருமுறைகூட ஊசி விழவில்லை. மாமா வாங்கித் தாமும் இருபது முறை மூடிப் பார்த்தார். ஐப்பசி மழையில் ஒருமுறை, அடுத்த சித்திரையில் ஒருமுறை இதையே செய்து பார்ப்பதென்று எங்களுக்குள் பேச்சு. தோட்டாக்களின் சாவி இப்போது அத்தையின் முந்தானையில் இருக்கிறது.