தாடி

மாசி 22

நேற்று ராத்திரி மொட்டைமாடியில் மகள் செல்போனைப் பிடித்துக்கொள்ள, மூன்று வரி வசனம் பேசி அனுப்பினேன். செத்துப்போன மாட்டைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும் சம்சாரியின் வசனம். சினிமாவுக்கு ஆள் சேர்த்துவிடும் தம்பி காலையில் கூப்பிட்டான். “முகம் ஓகேண்ணே. பேச்சுதான் டிராமா மாதிரி இருக்காம். சும்மா பேசி இன்னொண்ணு அனுப்புங்க. தாடியை மட்டும் எடுத்துராதீங்க.”

இருபத்தாறு வருஷமாக மதுரையைச் சுற்றியுள்ள ஊர்த் திருவிழாக்களில் ராஜபார்ட் போடுகிறவனிடம் டிராமா மாதிரி இருக்கிறது என்றால்! பல் விளக்காமல், தூக்கம் கலையாமல் பேசி அனுப்பினேன். அது பிடித்துவிட்டது.

பங்குனி 6

மேலூர்ப் பக்கம் வள்ளி திருமணம். தேதி சொல்லி ஆர்மோனியக்காரர் போன் செய்தார். தாடியைச் சொன்னேன். வேலன், வேடன், விருத்தன் என்று வள்ளியிடம் மூன்று கோலத்தில் வரவேண்டும். விருத்தனுக்குத்தான் தாடி தோது, அதுவும் நரைத்த தாடி. என்னுடையதில் பாதி கறுப்பு. “கிழவனா மட்டும் வந்துட்டுப் போயிருப்பா, முருகனுக்கு வேற ஆளைப் பாத்துக்கிறேன்” என்று சிரித்தார். சிரித்தபடியே வேறு ஆளையும் போட்டுவிட்டார்.

இதோடு மூன்று நாடகம் போயிற்று. பங்குனி, சித்திரை, வைகாசியில் விடிய விடியப் பாடிச் சேர்த்தால்தான் மழை மாதங்களில் அடுப்பு எரியும். எங்கள் பக்கம் படமெடுக்க வருகிறவர்களும் பாதிப் பேர் இதே மாதங்களில்தான் வருகிறார்கள். அவர்களுக்கு வறண்ட கண்மாய் வேண்டும். வறண்ட கண்மாயும் கோயில் கொடையும் ஒரே பருவத்தில் வருவதற்கு யாரைக் கோபித்துக்கொள்ள?

ஷூட்டிங் எப்போது என்று கேட்டால் ‘அடுத்த வாரம்’.

பங்குனி 11

இன்னும் அடுத்த வாரம்தான்.

சேலத்துக்கு நாடகம் போடப் போனபோது ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைப் பார்த்தது ஞாபகம் வருகிறது. உள்ளே ஸ்டுடியோ இல்லை, முகப்பு மட்டும் நிற்கிறது. டி.ஆர். சுந்தரம் நடத்திய அந்த ஒரு கம்பெனியிலிருந்தே நூறு படங்களுக்கு மேல் வந்திருக்கின்றன. 1950இல் வந்த ‘மந்திரி குமாரி’யும் அங்கே எடுத்ததுதான். கோவையில் சென்ட்ரல் ஸ்டுடியோவும் பட்சிராஜாவும் இருந்தன. நாடகக் கம்பெனியில் பாடம் பண்ணியவர்களுக்கு அடுத்த படி சேலமும் கோவையும். இப்போது கேமரா எங்கள் ஊர்களுக்கே வந்துவிடுகிறது. ஆனால் யார் நடிப்பது என்பது வடபழனியிலோ சாலிகிராமத்திலோ ஓர் அறையில் முடிவாகிறது.

நடுவில் ஒருவன் பதிவுக் கட்டணம் இரண்டாயிரம் கேட்டான். அந்த ஏமாளித்தனத்தை ஏற்கெனவே ஒருமுறை செய்துவிட்டதால் இம்முறை பிழைத்தேன்.

பங்குனி 19

அதிகாலை நாலு மணிக்கு மாட்டுத்தாவணியில் வேன். உசிலம்பட்டியைத் தாண்டி ஒரு கிராமம். இட்லி நன்றாக இருந்தது. பிற்பகல் மூன்று வரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம்.

எனக்கு முந்திய ஷாட்டில் அந்த ஊர்ப் பாட்டி ஒருத்தி. களை எடுக்கப் போனவளைக் கூப்பிட்டு வந்திருந்தார்கள். “உங்க மாடு செத்துப்போச்சு பாட்டி” என்றார் டைரக்டர். பாட்டி ஒன்றும் பேசவில்லை. முந்தானையை உதறி மறுபடி இடுப்பில் செருகினாள். இரண்டு எட்டு வைத்தாள். கொட்டிலில் கிடந்த கயிற்றை எடுத்துச் சுருட்ட ஆரம்பித்தாள். கட் சொன்ன பிறகும் சுருட்டிக்கொண்டிருந்தாள். ஒரே டேக்.

எனக்கு ஏழு. டைரக்டர் தோளில் கைபோட்டு, “அண்ணே, கடைசி வரிசைக்குக் கேக்கணும்னு பேசாதீங்க. மைக் உங்க சட்டைக்குள்ளயே இருக்கு” என்றார். இருபத்தாறு வருஷம் கடைசி வரிசையில் பாயை விரித்துப் படுத்திருப்பவனை எழுப்புவதுதான் என் தொழில். அந்தப் பழக்கத்தை ஒரு மத்தியானத்தில் எப்படி விடுவது?

‘கடைசி விவசாயி’யில் நல்லாண்டி ஐயா வருவாரே, அவரும் இந்தச் சுற்றுவட்டார விவசாயிதான். 2022இல் படம் வெளியானபோது அவர் உயிரோடு இல்லை. 69ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் அவருக்குச் சிறப்புக் குறிப்பு கிடைத்தது. அவர் செய்ததை என்னால் செய்ய முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘பரியேறும் பெருமாள்’ படத்தில் நெல்லைத் தங்கராஜ் இருக்கிறார். தெருவில் ஆடிப் பிழைத்த கலைஞர், 2023இல் காலமானார். அவருடைய ஆட்டத்தையே அந்தப் படம் கதைக்குள் சேர்த்துக்கொண்டது. என்னுடையதைச் செருப்பு மாதிரி வாசலில் கழற்றிவிட்டு வரச் சொல்கிறார்கள். அதுதான் உறுத்துகிறது.

சித்திரை 24

டப்பிங்குக்குச் சென்னை. “வர முடியலைன்னா வேற வாய்ஸ் வச்சுக்கிறோம்” என்றார்கள். பாட்டுக்காரனிடம் சொல்லக்கூடிய வார்த்தையா இது! பாண்டியன் எக்ஸ்பிரஸில் சொந்தக் காசில் போனேன். ஏழாவது டேக்கைத்தான் வைத்திருந்தார்கள். மூன்று வரியில் இரண்டு போய், மிச்சம் ஒரு வரி. ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதை ரகசியம் சொல்வதுபோலச் சொன்னேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்த இன்ஜினியர் கட்டைவிரலைக் காட்டினார். பத்து நிமிஷ வேலை.

பாட்டி கயிறு சுருட்டும் காட்சி அப்படியே முழுசாக இருந்தது. யாருக்கும் தெரியாமல் இன்னொருமுறை போடச் சொல்லிப் பார்த்தேன்.

வைகாசி 3

சவரம் செய்தாயிற்று. நாளை ராத்திரி திருப்புவனத்துப் பக்கம் நாடகம்.

வாட்ஸ்அப்பில் தம்பி அனுப்பியிருக்கிறான்: ‘ஐம்பது வயது மதிக்கத்தக்க கிராமத்து முகம் தேவை. நடிப்பு அனுபவம் தேவையில்லை.’ தெருமுனையில் ஆட்டுக்கறி வெட்டும் பெரியவருக்கு அதை அனுப்பிவைத்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, எப்படிப் பேசணும் என்று கேட்டார். எலும்பு வெட்டும்போது பேசுவீர்களே, அப்படிப் பேசுங்கள் என்றேன். அவர் நம்பவில்லை. நிமிர்ந்து நின்று, தொண்டையைச் செருமி, கைகளை விரித்தார்.