காந்தளின் உறக்கம்

ஒரே கொடிக்குத் தமிழில் வழங்கும் பெயர்களை வரிசைப்படுத்திப் பார்த்தால், அவற்றை இட்டவர்கள் அக்கொடியின் வெவ்வேறு உறுப்பைக் கண்டு நின்றவர்கள் என்பது விளங்கும். பூவைக் கண்ட புலவர் அதைக் காந்தள் என்றும், நிறத்தைச் சேர்த்துச் செங்காந்தள் என்றும் அழைத்தனர். மண்ணைத் தோண்டியவர்கள், ஏரின் கலப்பை போல வளைந்திருந்த கிழங்கின் வடிவம் கருதிக் கலப்பைக்கிழங்கு என்றனர். ஈழத்தில் அது மலரும் மாதமே பெயராகிக் கார்த்திகைப் பூ ஆயிற்று. பூவை உற்று நோக்கினால் கண் நோகும் என்று அஞ்சியவர்களோ கண்வலிப்பூ என்றும் கண்வலிக்கிழங்கு என்றும் வழங்கினர். பார்வையால் கண்வலி வரும் என்பதற்கு அடிப்படை எதுவும் இல்லை. ஆயினும் வேளாண் கையேடுகளிலும் விதை வணிகர் பேச்சிலும் இன்று நிலைத்திருப்பது அச்சத்தில் பிறந்த அந்தக் கடைசிப் பெயரே.

தாவரவியலார் இக்கொடியைக் குளோரியோசா சூப்பர்பா என்பர். லின்னேயஸ் 1753ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இடம்பெற்ற இப்பெயரின் இரு சொற்களும் இலத்தீனில் பெருமையையும் பெருமிதத்தையும் குறிப்பவை. வெப்பமண்டல ஆப்பிரிக்காவும் தென்னாசியாவும் ஒருங்கே இதன் தாயகம் ஆதலால், தமிழ்நாட்டின் மாநில மலரும் ஜிம்பாப்வேயின் தேசிய மலரும் ஒன்றாக இருப்பதில் வியப்பில்லை. இன்றைய ஜிம்பாப்வே தென் ரொடீசியா என்ற பெயரில் பிரிட்டிஷ் ஆட்சியின்கீழ் இருந்தபோது, 1947இல் அங்குச் சென்ற இளவரசி எலிசபெத்துக்கு இருபத்தொன்றாம் பிறந்தநாள் பரிசாக அளிக்கப்பட்ட வைர உடைப்பூசி இந்தப் பூவின் வடிவத்தில் செய்யப்பட்டிருந்தது. அங்கு இளவரசிக்கு அணியான மலர் தமிழகத்தில் முருகனுக்குக் கண்ணியாயிற்று. திருமுருகாற்றுப்படையும் குறுந்தொகையின் முதற்பாட்டும் அக்கடவுளைக் காந்தளோடு சேர்த்தே காட்டுகின்றன.

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கு இம்மலரோடு தனி உறவு ஒன்று உண்டு. 261 அடிகளில் அமைந்த குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை அடுக்கும் இடத்தில் முதலாவதாக நிற்பது செங்காந்தள். ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழின் இயல்பை உணர்த்தவே அப்பாட்டு இயற்றப்பட்டது என்று மரபு கூறுகிறது. அது உண்மையாயின், தமிழ் கற்க வந்த அந்த வேற்று நிலத்தானுக்கு முதலில் நீட்டப்பட்ட பூ இதுவாகும். வள்ளல் பாரியின் மறைவுக்குப் பின் அவன் மகளிரைக் காக்கும் பொறுப்பைச் சுமந்த கபிலர் தம் வாழ்வை முடித்துக்கொண்ட இடமாகக் காட்டப்படும் கபிலர் குன்று, இம்மாவட்டத்தின் திருக்கோவலூரில், தென்பெண்ணையாற்றின் நடுவே நிற்கிறது. குறிஞ்சிப்பாட்டின் அந்தப் பூப்பட்டியலிலேயே தோன்றி, கோடல் என்னும் வேறிரு பெயர்களும் தனித்தனியே வருகின்றன. பின்வந்த உரையாளரும் அகராதிகளும் தோன்றியைச் செங்காந்தளாகவும் கோடலை வெண்காந்தளாகவும் கொண்டமையால், கபிலர் ஒரே செடியை மூன்று முறை எண்ணினாரா, மூன்று செடிகளை எண்ணினாரா என்ற ஐயம் எழுகிறது. மலையை அவ்வளவு நுணுகிப் பார்த்த ஒருவர் எண்ணிக்கைக்காகப் பெயர்களைப் பெருக்கியிருப்பார் என்று கொள்வதைவிட, அவர் பிரித்தறிந்த வேறுபாடு பிற்காலத்தார்க்கு எட்டவில்லை என்று கொள்வதே பொருத்தம்.

மாவட்டத்தின் மேற்கே எழும் கல்வராயன் மலை, கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஒரு பகுதி. சேர்வராயன், சவ்வாது, பச்சை மலைகளுக்கு அண்டையில் இருப்பது. மலையாளி என்று தம்மைக் கூறிக்கொள்ளும் பழங்குடி மக்கள் சாமையும் கேழ்வரகும் மரவள்ளியும் பயிரிடும் இம்மலைத்தொடரிலும் அதன் அடிவாரத்திலும், வேலியோரப் புதர்களைப் பற்றிக்கொண்டு காந்தள் தானே வளர்கிறது. காட்டுச் செடி வாழும் இடத்தைப் பார்த்தாலே அதற்கு வேண்டியவை எவை என்று பாதி தெரிந்துவிடும்: நீர் தங்காத செம்மண், சல்லிக்கல் கலந்த சரிவு, வேருக்கு நிழலும் தலைக்கு வெயிலும் தரும் புதர், இவை எல்லாவற்றுக்கும் மேலாக ஆண்டில் சில மாதங்கள் முழு வறட்சி.

இந்த வறட்சிதான் வீட்டுத் தோட்டக்காரர் பலருக்கு விளங்காதது. மார்கழி கழிந்து தையும் மாசியும் வரும்போது இலைகள் மஞ்சளாகித் தண்டு காய்ந்து விழுகிறது. நேற்றுவரை செழித்திருந்த செடி பட்டுவிட்டது என்று எண்ணித் தொட்டிக்கு நாள்தோறும் நீர் ஊற்றுவோர், உண்மையில் உயிரோடிருக்கும் கிழங்கை அழுக வைக்கின்றனர். மேலே உள்ள உறுப்புகளை உதிர்த்துவிட்டுக் கிழங்கு மட்டும் மண்ணுள் அசையாது கிடக்கும் இந்நிலையை உறக்கநிலை என்பர். பட்டினியால் மடியும் காந்தளைவிட, தூங்கும்போது ஊட்டப்பட்டு மடியும் காந்தளே மிகுதி.

கிழங்கின் அமைப்பும் தனித்தன்மை உடையது. விரல் பருமனுள்ள இரு கிளைகள் ஒரு முனையில் இணைந்து வளைந்திருக்க, ஒவ்வொரு கிளையின் நுனியிலும் பொதுவாக ஒரே ஒரு முளைக்கண் இருக்கும். உருளைக்கிழங்கில் ஒரு கண் போனாலும் வேறொன்று முளைக்கும். காந்தளில் அந்த நுனி நசுங்கினால் அக்கிளையிலிருந்து செடியை எதிர்பார்ப்பதற்கில்லை. எனவே கிழங்கை எடுப்பதும் கூடையில் அடுக்குவதும் நடுவதும் முட்டையைக் கையாளும் நிதானத்தோடு செய்ய வேண்டியவை. ஏறத்தாழ 50 முதல் 60 கிராம் எடையுள்ள கிழங்கே நல்ல நடவுப் பொருள். எக்டருக்கு இரண்டு டன் அளவுக்கு அது தேவைப்படுவதால், முதலாண்டின் பெருஞ்செலவு கிழங்குக்கே போகிறது. விதையிலிருந்தும் செடி வரும். ஆனால் அது பூக்கும் பருவம் எய்தச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். தொட்டியில் வளர்ப்போர் ஓரடிக்குக் குறையாத ஆழமும் மணல் மிகுந்த மண்ணும் அமைத்து, கிழங்கைப் படுக்கை நிலையில் சில விரற்கடை ஆழத்தில் புதைத்தால் போதும்.

ஆனி, ஆடி மாதங்களில் முளைக்கும் தண்டு தானே நிற்கும் வலிமையற்றது. இலையின் நுனியே நீண்டு சுருண்டு கிடைத்ததைப் பற்றிக்கொள்ளும் கருவியாகிறது. இவ்வாறு பற்றும் உறுப்புக்குப் பற்றுக்கம்பி என்று பெயர். அது நூல் போன்றதாகையால் தடித்த கழியைச் சுற்றிப் பிடிக்க அதனால் இயலாது. மெல்லிய சுள்ளியே அதற்கு உகந்தது. பயிரிடுவோர் முள்கிளுவையை ஊன்றியோ, விராலிச் செடியின் கிளைகளை நட்டோ கொடியை ஏற்றுவது இக்காரணம் பற்றியே. காட்டில் புதர் செய்த வேலையை வயலில் இவை செய்கின்றன. நஞ்சுள்ள இந்த இலையையும் விரும்பித் தின்னும் ஒரு புழு உண்டு. கறுத்த உடலில் வெண்மையும் சிவப்பும் கலந்த புள்ளிகளை உடைய அதை, காலையில் இலைகளைப் புரட்டிப் பொறுக்கி எடுத்தாலே சிறு தோட்டத்துக்குப் போதுமானது.

பூ தலைகீழாகத் தொங்குவது. அதன் ஆறு இதழ்களும் மேல்நோக்கி மடங்கி நிற்பதால்தான் தீக்கொழுந்து போன்ற தோற்றம் கிடைக்கிறது. பசுமையாகத் தொடங்கி, மஞ்சளாகி, நுனியிலிருந்து சிவந்து, முடிவில் முற்றும் செந்நிறமாவதால், ஒரே கொடியில் ஒரே நாளில் பல நிறப் பூக்கள் காணப்படும். மகரந்தத்தை ஏற்கும் சூல்தண்டு, தன் அடியிலேயே செங்கோணமாகப் பக்கவாட்டில் திரும்பி, தன் பூவின் மகரந்தப் பைகளை விட்டு விலகி நிற்கிறது. தன் மகரந்தம் தன்மேல் படாதிருக்க இயற்கை செய்த ஏற்பாடு இது; வண்ணத்துப்பூச்சிகளும் தேன்சிட்டுகளும் வரும் காட்டில் இதனால் இழப்பு இல்லை. ஏக்கர் கணக்கில் ஒரே பயிர் நிற்கும் மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் வட்டாரங்களில் அத்தனை பூவையும் நாடும் அளவுக்குப் பூச்சிகள் இல்லாமையால், பூக்கும் காலம் முழுவதும் காலை எட்டு மணி முதல் பதினொரு மணிக்குள் ஆட்கள் வரிசை வரிசையாகச் சென்று, பூப்பூவாக மகரந்தத்தைத் தொட்டுச் சூல்தண்டின் நுனியான சூல்முடியில் வைக்கின்றனர். மகளிர் விரலுக்குக் காந்தளை உவமை கூறிய மொழியில், இன்று அந்த விரல்களே காந்தளைக் காய்க்க வைக்கின்றன. கூலி ஆட்களுள் பெரும்பாலோர் பெண்கள்.

இவ்வளவும் பூவுக்காகச் செய்யப்படுவதன்று. உழவருக்குப் பூ என்பது காய்க்கு முந்திய ஒரு வாரம், அவ்வளவே. நட்டு ஐந்தாறு மாதத்தில் வெளிறிச் சுருங்கத் தொடங்கும் காய்களைப் பறித்து நிழலில் உலர்த்தினால், மூன்றாக வெடித்துச் செந்நிற விதைகள் வெளிப்படும். எக்டருக்கு 200 முதல் 250 கிலோ விதை நல்ல விளைச்சல். அவ்விதையிலுள்ள கோல்ச்சிசின் என்னும் காரப்பொருளே அதன் விலை. 1820இல் பெல்லெத்தியே, கவாந்து என்ற பிரெஞ்சு வேதியியலார் ஐரோப்பியச் செடி ஒன்றிலிருந்து பிரித்தெடுத்த இப்பொருள், மூட்டுகளில் யூரிக் அமிலம் படிவதால் வரும் கௌட் என்னும் வீக்க நோய்க்கு மருந்து. உயிரணு இரண்டாகப் பிரிவதைத் தடுக்கும் இதன் ஆற்றலைக் கொண்டு, குரோமோசோம்களை இரட்டிப்பாக்கிப் புதிய பயிர்வகைகளை உருவாக்கும் முறையும் 1937 முதல் பரவியது. விதை பெரும்பாலும் ஏற்றுமதிக்குப் போவதாலும், வாங்குவோர் சிலரே ஆனதாலும், விலை ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்குகிறது. கிழங்குக்கும் பந்தலுக்கும் கூலிக்கும் முன்பணம் போட்டவர் விலை வீழும் ஆண்டில் விற்கவும் மனமின்றி, வைக்கவும் வகையின்றித் திண்டாடுகிறார்.

உயிரணுவைத் தடுக்கும் அதே பொருள் உண்டவரை மாய்க்கவும் வல்லது. செடியின் எல்லா உறுப்புகளிலும் நஞ்சு உண்டு. வேகவைத்தாலும் அது நீங்காது. வள்ளிக்கிழங்கு என்று மயங்கிச் சமைத்து உண்டவர்கள் தமிழகத்திலும் இலங்கையிலும் இறந்திருக்கின்றனர். ஆகவே குழந்தைகளும் ஆடுமாடுகளும் உள்ள வீட்டில் இதை எட்டாத இடத்தில் வளர்ப்பதும், தொட்ட கையைக் கழுவுவதும், கிழங்கை உண்ணும் கிழங்குகளோடு ஒருபோதும் சேர்த்து வைக்காதிருப்பதும் கட்டாயம். கண்வலி என்ற பெயரில் உள்ள அச்சம் உறுப்பில்தான் தவறியிருக்கிறதே தவிர, முற்றிலும் பொய்யன்று.

வயலில் கிழங்கை ஆண்டுதோறும் எடுப்பதில்லை. ஒருமுறை நட்டதைச் சில ஆண்டுகள் விட்டுவைப்பர். தொட்டியில் உள்ளதை மாசி, பங்குனியில் தோண்டினால், சென்ற ஆண்டு நட்ட கிழங்கு வெறும் சக்கையாகிக் கிடக்க, அதன் அருகே புதிய கலப்பை ஒன்று இரு கைகளையும் விரித்துக்கொண்டிருக்கும். நுனி நோகாமல் அதை எடுத்து, உலர்ந்த மணலில் புதைத்து, நிழலில் வைத்துவிட வேண்டும். கோடை முழுவதும் அதில் ஒரு மாற்றமும் தெரியாது. ஆனி பிறக்கும் முன்பே, ஒரு சொட்டு நீரும் படாத மணலுக்குள், சில கிழங்குகளின் நுனி கூர்ந்து முளை காட்டியிருக்கும்.