சரிந்தால் விட்டுவிடுங்கள்

லண்டனில் வேலை எடுப்பது ஒரு பாடு. எடுத்த வேலைக்கு நேரத்துக்குப் போய்ச் சேருவது இன்னொரு பாடு. எங்கள் தொழிற்சாலை மேற்கு லண்டனில் பார்க் றோயல் பக்கம் இருக்கிறது. சான்ட்விச் செய்து பெட்டியில் அடைக்கிற இடம். அங்கே தமிழ் ஆக்கள் பதினாலு பேர் வேலை செய்கிறோம். அநேகமாக எல்லோரும் முப்பது வயதைக் கடந்தவர்கள். ஓ.எல். உடன் படிப்பை விட்டவர்கள், அல்லது யுத்தம் விடவைத்தவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் காலை ஆறு மணிக்கு வேலை தொடங்கும். அன்றைக்கு ரெயின் பிந்தித்தான் ஓடத் தொடங்கும் என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஆகவே இரவு பஸ்சில், ஒன்றை விட்டு ஒன்று மாறிப் போகிறோம். முதல் பஸ் வராவிட்டால் இரண்டாவதும் போய்விடும். இரண்டு மூன்று முறை பிந்தினால் அடுத்த கிழமை எங்களைக் கூப்பிட மாட்டார்கள்.

கார் வாங்கலாம் என்றால், புது லைசன்ஸ்காரருக்குக் கேட்கிற இன்சூரன்ஸ் காசு காரின் விலையை எட்டிப் பிடிக்கிறது. எனவே எங்களில் ஆறு பேர் மோட்டார் சைக்கிள் என்று முடிவு செய்தோம். 125 சி.சி. போதும். பெற்றோல் செலவும் குறைவு. நகரின் நடுப்பகுதிக்குள் போகக் காருக்கு அறவிடும் நெரிசல் கட்டணம் இதற்கு இல்லை. பழையதாய் வாங்குகிறவர்கள் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 2023 ஓகஸ்ட் 29 இலிருந்து லண்டன் முழுவதும் புகைக் கட்டுப்பாட்டு வலயம். 2007 க்கு முந்திய மோட்டார் சைக்கிள்களில் பல அதற்குள் நாட்காசு கட்டித்தான் ஓட வேண்டும்.

ஊர் லைசன்ஸ் வைத்திருப்பவர்கள் அதைக் கொடுத்து இங்கத்தைய லைசன்சாக மாற்றலாம் என்று நினைக்கிறார்கள். இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. குடியேறிய முதல் 12 மாதத்துக்கு மட்டும் ஊர் லைசன்சில் ஓடலாம். பிறகு தற்காலிக லைசன்ஸ் எடுத்து, சி.பி.ரி. என்கிற கட்டாய அடிப்படைப் பயிற்சிக்குப் போக வேண்டும். இது பரீட்சை அல்ல. பெரும்பாலும் ஒரே நாளில் முடியும். ஐந்து பகுதி, கடைசிப் பகுதியில் குறைந்தது 2 மணித்தியாலம் றோட்டில் ஓடிக் காட்ட வேண்டும். பழக்குபவருக்குத் திருப்தி இல்லையென்றால் இன்னொரு நாள் வரச்சொல்லுவார், அவ்வளவுதான். கிடைக்கிற சான்றிதழ் 2 வருடத்துக்குச் செல்லும். முன்னும் பின்னும் சிவப்பு 'எல்' எழுத்து ஒட்ட வேண்டும், பின்னால் ஆள் ஏற்றக்கூடாது, மோட்டர்வேயில் ஏறக்கூடாது.

எங்களில் நாலு பேருக்கு ஊரில் ஓடிய பழக்கம் இருந்தது. வன்னியில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் நாங்கள் சின்னப் பிள்ளைகள். பெரியவர்கள் சின்னப் போத்தலில் இருந்து நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள். அந்தப் புகையின் மணம் இன்றைக்கும் மூக்கில் நிற்கிறது. பாதை திறந்த பிறகு, 2002 இலிருந்து, நாங்களும் ஓடினோம். அப்படிப்பட்ட எங்களுக்கு ஒரு வெள்ளைக்காரர் மோட்டார் சைக்கிள் பழக்குவதா என்று சிரித்துக்கொண்டுதான் போனோம்.

முதல் இரண்டு மணித்தியாலத்துக்குள் மூன்று மோட்டார் சைக்கிள் சரிந்தன. மூன்றும் ஊரில் ஓடியவர்களின் கையில் இருந்தவை. புதிதாய்ப் பழக வந்த இரண்டு பேரும் விழவே இல்லை!

பழக்குபவர் சிரிக்கவில்லை. ஊரில் என்ன ஓடினீர்கள் என்று கேட்டார். எம்.டி. 90, சின்ன ஹொண்டா என்று சொன்னோம். அவருக்கு உடனே விளங்கிவிட்டது. அந்த ஹொண்டாக்களில் கையால் பிடிக்கிற கிளச் இல்லை. காலால் கியரைத் தட்டினால் தானே வேலை செய்யும். ஹீரோ ஹொண்டா ஓடியவருக்குக் கிளச் தெரியும், ஆனால் அதில் கியர் எல்லாம் கீழே மிதிப்பது. இங்கே முதல் கியர் கீழே, மற்றதெல்லாம் மேலே. புதிதாய் வந்தவரின் கை வெறும் கை. எங்களுடைய கையும் காலும் பத்து வருடம் வேறொன்றைப் பாடமாக்கி வைத்திருந்தன. அவசரத்தில் மூளையைக் கேட்காமல் அவையே முந்திக்கொள்ளும்.

அவர் விளக்கியதில் முக்கியமானதை எழுதுகிறோம். ஓடுகிற வேகம் இருக்கும் வரைக்கும் மோட்டார் சைக்கிள் தானே நிமிர்ந்து நிற்கும். விழுத்துவது வேகம் அல்ல, நடை வேகம். திரும்புகிற இடம், நிறுத்துகிற இடம், கேற்றடி. ஹான்டிலைத் திருப்பி வைத்துக்கொண்டு முன் பிரேக்கை ஒரு இழுவை இழுத்தால், பாரம் முழுவதும் திரும்பிய பக்கம் சாயும். நூறு கிலோவுக்கு மேற்பட்ட இரும்பு அது. ஆகவே மெதுவாய்ப் போகும்போது முன் பிரேக்கைத் தொடாமல், வலது காலால் பின் பிரேக்கை மெல்ல அழுத்தி, கிளச்சைப் பாதியில் பிடித்து, கொஞ்சம் அக்சிலேற்றர் கொடுக்க வேண்டும். கண் முன் ரயரைப் பார்க்கக்கூடாது, போகப்போகிற இடத்தைப் பார்க்க வேண்டும். நிலத்தைப் பார்த்தால் நிலத்துக்குத்தான் போவீர்கள் என்றார்.

இன்னொன்றும் சொன்னார். ஓரளவுக்கு மேல் சாய்ந்துவிட்டால் பிடித்து நிறுத்தப் பார்க்காதீர்கள், விட்டுவிட்டு விலகுங்கள். லீவர் முறிந்தால் மாற்றலாம், மணிக்கட்டு முறிந்தால் ஆறு கிழமை வேலை இல்லை. எங்களுக்கு இது லேசில் மனதுக்குள் போகவில்லை. ஊரில் ஒரு மோட்டார் சைக்கிள் என்பது குடும்பத்தின் சொத்து. அம்மாவின் காப்பை அடகு வைத்து வாங்கியதை விழ விடுவதா?

விழுந்ததைத் தூக்குவதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் எஞ்சினை நிறுத்த வேண்டும். வலது பக்கம் விழுந்திருந்தால் சைட் ஸ்ராண்டை முன்கூட்டியே வெளியே இழுத்து, கியரிலும் போட்டுவிட்டால், நிமிர்த்தியபின் மற்றப் பக்கம் சரியாது, உருண்டும் போகாது. பிறகு சீற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, முழங்காலை மடக்கி, ஒரு கையால் நிலத்துப் பக்கம் இருக்கிற ஹான்டிலையும் மறு கையால் பின் கம்பியையும் பிடித்து, முதுகை நிமிர்த்தியபடி காலால் உந்திச் சின்னச் சின்ன அடியாகப் பின்னுக்கு நடக்க வேண்டும். தொழிற்சாலையில் மாமூட்டை தூக்கச் சொல்லித்தந்த அதே வித்தைதான். சைலன்சரில் கால் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டுவிட்டால் எண்ணெய், பற்பசை ஒன்றும் பூசாமல் 20 நிமிடம் ஓடுகிற குளிர்ந்த தண்ணீருக்குள் பிடியுங்கள்.

நாலாவதாய்ச் சரிந்தது முல்லைத்தீவுத் தம்பியின் சைக்கிள். அவர் எங்களுக்குள் இளையவர். கிளச், கியர் எல்லாம் சரியாய்ச் செய்தார். நிறுத்தி இடது காலை ஊன்றிய இடத்தில் அப்படியே இடப்பக்கம் போய்விட்டது. ஒரு முறை அல்ல, மூன்று முறை. மூன்றாம் முறை எழும்பி ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, "நான் வாறன் அண்ணை" என்று பஸ் தரிப்பிடத்துக்கு நடந்துவிட்டார். கட்டின காசும் போச்சு. அடுத்த இரண்டு நாள் எங்களோடு கதைக்கவும் இல்லை.

மூன்றாம் நாள் இரவு, சாப்பாட்டு இடைவேளையில்தான் வாய் திறந்தார். "கால் ஊண்டேக்கை முழங்கால் என்ர சொல்லுக் கேக்குதில்லை அண்ணை." 2009 இல் அந்தக் கடற்கரையில் பட்ட ஷெல் துண்டு. பயிற்சிக்குப் போன இடத்தில் காயம், வருத்தம் ஏதும் உண்டா என்று கேட்டபோது இல்லை என்று சொல்லியிருக்கிறார்.

"ஏன் தம்பி மறைச்சனீர்?"

"ஊரிலை செக்பொயின்ரிலை இந்தக் காயத்தை மறைச்சுத்தான் உயிரோடை வந்தனான். இங்கை வந்தாப்போலை, அகதி எண்டு நம்பவைக்க வழக்கறிஞருக்குக் காட்டினன், டொக்டருக்குக் காட்டினன், அளந்து படம் எடுத்தவை. இனி ஒருத்தருக்கும் காட்டுறேல்லை எண்டுதான் இருந்தனான்."

நாங்கள் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. தேத்தண்ணீர் ஆறிப்போய்விட்டது. இதைப் படிக்கிற வீடுகளிலும் இப்படி மறைத்து வைத்த முழங்கால்களும் தோள்மூட்டுகளும் எத்தனையோ இருக்கும்.

அவரைக் கேட்டு, அவர் ஓம் என்ற பிறகுதான் பழக்குபவரிடம் சொன்னோம். அந்த மனிதர் காயத்தைக் காட்டச் சொல்லவில்லை. எந்தக் கால் என்று மட்டும் கேட்டார். பிறகு கியர் இல்லாத 125 ஸ்கூட்டர் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். மோட்டார் சைக்கிளில் பின் பிரேக் வலது காலில் இருக்கிறது. அதனால் ஊன்றுவதற்கு மிஞ்சுவது இடது கால். ஸ்கூட்டரில் இரண்டு பிரேக்கும் கையில். கிளச் இல்லை. இரண்டு காலும் சும்மா இருக்கும், ஊன்றுவதற்கு வலது காலைக் கொடுக்கலாம். சீற்றும் பதிவு.

தம்பியின் முகம் கொஞ்சம் சுருங்கியது உண்மைதான். ஊரில் ஸ்கூட்டி என்றால் பெட்டையள் வகுப்புக்குப் போகிற வாகனம். எங்களில் ஒருவர் பகிடி விடவும் வாயெடுத்தார். மற்றவர்கள் பார்த்த பார்வையில் விழுங்கிவிட்டார். உண்மையைச் சொன்னால், அந்தப் பெட்டையள்தான் எங்களைவிட நன்றாய் ஓடுகிறார்கள்.

பழைய காயம் வாகனம் ஓட்டுவதைப் பாதிக்குமானால் அதை டி.வி.எல்.ஏ. க்கு அறிவிப்பது சட்டம். அறிவிக்காமல் விட்டால் 1,000 பவுண் வரை தண்டம் வரலாம். அறிவித்தவுடன் லைசன்சைப் பறித்துவிடுவார்கள் என்ற பயம் எங்கள் ஆக்களிடம் உண்டு. ஒவ்வொருவருடைய நிலையையும் தனியாகப் பார்க்கிறார்கள். இன்ன மாதிரியான வாகனம்தான் ஓடலாம் என்று குறித்துக் கொடுக்கிற வழியும் இருக்கிறது. தம்பி அறிவித்தார். கடிதத்தை நாங்கள் நாலு பேர் இருந்து எழுதினோம். ஆங்கிலம் எப்படி இருந்ததோ, அவர்களுக்கு விளங்கியிருக்கிறது.

முழு லைசன்ஸ் எடுக்க விரும்புகிறவர்களுக்கு முன்னால் எழுத்துப் பரீட்சை இருக்கிறது. 50 கேள்வியில் 43 சரியாக வேண்டும். அதைத் தமிழில் கேட்டுச் செய்கிற வசதி ஒரு காலத்தில் இருந்தது. 2014 ஏப்ரலில் மற்ற மொழிகளோடு சேர்த்து நிறுத்திவிட்டார்கள். ஆகவே ஆங்கிலத்தில்தான் பாடமாக்க வேண்டும். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலைக்கு இறங்குகிற தம்பிமார், வேலைக்குப் போய்வருகிற சாதாரண இன்சூரன்ஸ் அதற்குச் செல்லாது என்பதை மறக்காதேங்கோ. பிடித்தால் 300 பவுணும் 6 புள்ளியும், வாகனத்தையும் கொண்டுபோகலாம்.

இப்போது எங்களில் ஐந்து பேரிடம் சான்றிதழ் இருக்கிறது. ஆனால் வாகனம் வாங்கக் காசு சேர்த்தவர் முல்லைத்தீவுத் தம்பி ஒருவர்தான். 'எல்' போர்ட் இருப்பதால் அவர் எங்களை ஏற்றவும் முடியாது. ஞாயிறு விடிய ஐந்தரைக்கு நாங்கள் பஸ் தரிப்பிடத்தில் விறைத்துக்கொண்டு நிற்கும்போது, அந்த ஸ்கூட்டர் ஹோர்ன் அடித்துக்கொண்டு போகும். வந்து சேரும்போது எங்களுக்குத் தேத்தண்ணீர் போட்டு வைத்திருப்பார்.