பத்து கிலோமீட்டர் மெக்கானிக்

சவால் இதுதான். திண்டிவனத்திலிருந்து கிளம்பி, வானூர் வழியாகத் திருவக்கரை போய், வக்ரகாளியம்மனைத் தரிசித்துவிட்டு, அதே ஸ்கூட்டரில் வீடு திரும்ப வேண்டும். திரும்பினால் வண்டி வீட்டில். நடுவழியில் தள்ளினால் மறுநாள் காலை காயலான் கடையில்!

சவால் விட்டவள் என் மனைவி.

வண்டி அப்பாவுடையது. டூ-ஸ்ட்ரோக். கைப்பிடியிலேயே கியர். கம்பெனி பெயர் வேண்டாம். தப்பு வண்டி மேல் இல்லை என்பது போகப் போகத் தெரியும். ஸ்டார்ட் ஆகாவிட்டால் ஒரு பக்கமாகச் சாய்த்து, நிமிர்த்தி, கும்பிட்டு உதைக்க வேண்டும். ஒரு தலைமுறையே காலையில் ஆபீஸ் கிளம்புமுன் செய்த தேகப்பயிற்சி அது. அப்பா இருந்தவரை என்னை ஸ்பேனரைத் தொட விட்டதில்லை. அவர் போனபின் வண்டியோடு டூல்ஸ் பையும் எனக்கு வந்தது. வினை அங்கேதான் ஆரம்பம்.

பௌர்ணமி, அமாவாசை என்றால் திருவக்கரையில் கூட்டம் நெரியும். அதனால் சாதாரண ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துக் கிளம்பினோம். புதுச்சேரி ரோட்டில் காலை ஆறரைக்கு வண்டி பறந்தது. (பறந்தது என்றால் மணிக்கு நாற்பது.) 1947-ல் சென்னை மாகாணப் பிரதமரான ராமசாமி ரெட்டியாரின் ஊர் ஓமந்தூர். ‘எவ்வளவு எளிமையான மனுஷர் தெரியுமா...’ என்று பின்னால் திரும்பிப் பேச வாயெடுத்தேன். வண்டியும் எளிமையாக நின்றுவிட்டது.

“ஏங்க, பெட்ரோல் இருக்கா?”

பெண்கள் எல்லாருக்கும் தெரிந்த ஒரே மெக்கானிக் கேள்வி இது என்று நினைத்துக்கொண்டேன். இந்த நினைப்புக்குப் பின்னால் அபராதம் கட்டினேன். ஸீட்டைத் தூக்கி, டேங்க் மூடியைத் திறந்து காட்டினேன். பாதி டேங்க் பளபளத்தது. மூடியை மூடிவிட்டு, பிளக்கைக் கழற்றினேன். சூடான இன்ஜினில் பிளக்கைக் கழற்றுவது, கொதிக்கிற குழம்பில் விரலால் உப்பு பார்ப்பது மாதிரி. ஆள்காட்டி விரல் போச்சு. முனையில் கரி. உப்புத்தாளால் தேய்த்து, வாயால் ஊதி, மாட்டி, ஓர் உதை. ஸ்டார்ட்!

“பிளக்தான்,” என்றேன், டாக்டர் மாதிரி.

அடுத்த பத்து கிலோமீட்டர். கிளியனூர் பக்கம் மறுபடியும் இருமல், தும்மல், மௌனம்.

“பெட்ரோல்...?”

எரிச்சலோடு திறந்து காட்டினேன். மூடினேன். இந்தத் தடவை பாயின்ட். ஃபிளைவீல் ஓட்டை வழியாக எட்டிப் பார்த்துச் செய்கிற வேலை. இடைவெளி அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்க வேண்டும். அளக்கிற தகடு என்னிடம் ஏது? டிக்கியில் கிடந்த கல்யாணப் பத்திரிகையைக் கிழித்துச் செருகி அளந்தேன். (மணமக்கள் மன்னிக்க.) ஓர் உதை. ஸ்டார்ட்!

“பாயின்ட்தான். பிளக் சும்மா ஒரு அறிகுறி,” என்றேன். பின்சீட்டிலிருந்து ‘ம்’ என்று ஒரு சத்தம். அந்த ‘ம்’முக்கு எந்த அகராதியிலும் அர்த்தம் கிடையாது.

திருச்சிற்றம்பலம் கூட்டு ரோட்டில் புதுச்சேரி ரோட்டை விட்டுத் திரும்பினால் காட்சியே மாறுகிறது. செம்மண், முந்திரி, திருவக்கரைப் பக்கத்துக் கல்குவாரிகளிலிருந்து வரும் டிப்பர் லாரிகள், அவை கிளப்பும் புழுதி. ரசித்துக்கொண்டே வந்தால் வானூர். இதோ வந்துவிட்டோம் என்று நான் சொல்லவும் வண்டி நிற்கவும் சரியாக இருந்தது.

மூன்றாவது தடவை அவள் பெட்ரோலைப் பற்றிக் கேட்கவில்லை. பேச்சையே நிறுத்தியிருந்தாள். நானும் மூடியைத் திறக்கவில்லை. இது முக்கியம் ஸார், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் குழாயை அடைத்துவிட்டு கார்புரேட்டரில் கை வைத்தேன். ஜெட்டைக் கழற்றி, கண்ணுக்கு நேரே பிடித்து, அந்த மயிரிழை ஓட்டை வழியாக வானூரைப் பார்த்தேன். ஊர் தெளிவாகத் தெரிந்தது. இருந்தாலும் ஊதினேன். அரைமணி நேரம் கழித்து எல்லாவற்றையும் மாட்டியபோது கர்ச்சீப்பில் ஒரு வாஷர் மட்டும் மிச்சமிருந்தது. மனைவி பார்ப்பதற்குள் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

உதைத்தேன். இல்லை. சாய்த்து உதைத்தேன். இல்லை. ஐம்பது உதைக்குப் பிறகு என் முழங்கால்தான் ஸ்டார்ட் ஆனது.

எதிரே பஞ்சர் கடைப் பெரியவர் பீடி தீரும்வரை வேடிக்கை பார்த்துவிட்டு எழுந்து வந்தார். பிளக்கைப் பற்றிக் கேட்கவில்லை, பாயின்ட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

“எத்தினி தூரத்துக்கு ஒருவாட்டி நிக்குது சார்?”

“பத்து கிலோமீட்டர்.”

“கரெக்டா பத்து?”

“ஆமாம்.”

ஸீட்டைத் தூக்கினார். மூடியைத் திருகினார். ‘புஸ்ஸ்’ என்று ஒரு சத்தம், காற்று உள்ளே பாய்கிற சத்தம்.

“வண்டிக்கு ஒண்ணுமில்ல. மூச்சு முட்டுது. மூடில இருக்கற ஓட்டைய எவனோ அடைச்சிருக்கான்.”

அந்த எவனோ, அடியேன். போன மழைக்கு டேங்கில் தண்ணீர் இறங்குகிறது என்று மூடித் துவாரத்தில் எம்-சீல் வைத்து, போதாததற்கு சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி உள்ளே ஒரு வாஷரும் போட்டேன். என் வாழ்நாளில் நான் செய்த ஒரே உருப்படியான ரிப்பேர் என்று அதைத்தான் நினைத்திருந்தேன்!

எண்ணெய் டின்னில் ஒரு ஓட்டை போட்டால் எண்ணெய் வராது. காற்று போக இன்னொன்றும் போட வேண்டும். சமையலறையில் எல்லாருக்கும் தெரிந்த சமாச்சாரம். பெட்ரோல் இறங்க இறங்க டேங்கில் காற்று வர வழியில்லாமல், பத்து கிலோமீட்டரில் சொட்டு நின்றுவிட்டிருக்கிறது. ஆக, ஓமந்தூரில் பிளக்கும் இல்லை, கிளியனூரில் பாயின்ட்டும் இல்லை. இரண்டு தடவையும் வண்டியை ஓட்டியது, “பெட்ரோல் இருக்கா?”

மனைவி எதுவும் சொல்லவில்லை. புடவையிலிருந்து ஊக்கைக் கழற்றி நீட்டினாள். பெரியவர் எம்-சீலைக் குத்திப் பெயர்த்தார்.

1888 ஆகஸ்டில் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்ற அம்மாள், கணவர் கார்ல் பென்ஸ் கண்டுபிடித்த மோட்டார் வண்டியை அவரிடம் சொல்லாமலே எடுத்துக்கொண்டு, இரண்டு பையன்களோடு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போனாள். வழியில் பெட்ரோல் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்தித்தான் சரிசெய்தாள். உலகின் முதல் நெடுந்தூர மோட்டார் பயணம்! கணவர் கூட இருந்திருந்தால் கார்புரேட்டரைக் கழற்றியிருப்பார்.

பெரியவர் காசு வாங்க மறுத்தார். “குத்துனதுக்கு இன்னா காசு?” என்றார். பஞ்சர் ஆகாத டயருக்குக் காற்றடித்து, அதற்கு மட்டும் வாங்கிக்கொண்டார்.

திருவக்கரை கோயிலில் கோபுரம், நந்தி, மூலவர் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இல்லை என்று காட்டுகிறார்கள். என் ஹேண்டில்பார் ஞாபகம் வந்தது. பிறகு கல்மரப் பூங்கா. இரண்டு கோடி வருஷத்து மரங்கள், கல்லாகிப் படுத்திருக்கின்றன. 1781-லேயே சோனரா என்ற பிரெஞ்சுக்காரர் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். கிளையும் இல்லை, வேரும் இல்லை. எங்கோ முளைத்து வெள்ளத்தில் அடித்து வரப்பட்டவை என்கிறார்கள். ஒன்றில் வளையங்கள்கூட அப்படியே தெரிந்தன.

“எப்படிங்க இவ்வளவு காலம் கெடாம இருக்கு?”

“மண்ணுக்குள்ள இருந்த சிலிக்கா...” என்று ஆரம்பித்தேன்.

“யாரும் கழட்டிப் பாக்கல, அதான்,” என்றாள்.

சாயங்காலம் வீட்டு வாசலில் வண்டி தானாக வந்து நின்றது. சவாலில் நான் ஜெயித்தேன் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் காயலான் கடைக்காரனுக்குப் போன் போகவில்லை. டூல்ஸ் பை மட்டும் பரண் மேல் ஏறிவிட்டது. ஏணியை எங்கே வைத்திருக்கிறாள் என்று இன்னும் தெரியவில்லை.

அந்த வாஷர் என் மேஜை டிராயரில் பத்திரமாக இருக்கிறது. அது எந்த இடத்து வாஷர் என்று வண்டிக்கும் தெரியவில்லை போலிருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கிறது.