இரண்டாவது ஊதல்

அறபும் தமிழும் கற்பித்துக் காலங்கழிக்கும் நாம் கால்பந்தைப் பற்றி எழுதப் புகுந்தது கண்டு வாசகர் சிலர் வியக்கக் கூடும். மாணவன் ஒருவனுக்கு நாம் இழைத்த தவறே இதனை எழுதத் தூண்டிற்று.

சில ஆண்டுகளுக்கு முன், அஸருக்குப் பின் மாணவர்கள் ஆடிய ஆட்டத்தில் நடுவராக நிற்குமாறு நம்மை வேண்டினர். கோலுக்கு அருகே ஒருவனை எதிரணியினர் காலிடறி வீழ்த்தினர். ஊதலை ஊதி ஃப்ரீ கிக் அளித்தோம். அவன் எழுந்து, பந்தை அசையாது நிறுத்தி, எதிரணியினர் தடுப்புச் சுவர் அமைக்குமுன் உதைத்துக் கோலாக்கி விட்டான். கோல்கீப்பர் ஆயத்தமாகவில்லை, நாமும் இரண்டாவது முறை ஊதவில்லை என்று சொல்லி அக்கோலை மறுத்தோம்.

“ஹஜ்ரத், என்னைத் தள்ளிவிட்டவங்க தயாராகிற வரைக்கும் நான் ஏன் காத்திருக்கணும்?” என்றான். அதட்டி அடக்கினோம். மறுபடி அவன் உதைத்த பந்து சுவரில் பட்டுத் திரும்பிற்று. அவனது அணி தோற்றது.

அவ்வினா நம்மை உறங்க விடவில்லை. விதிநூலைத் தேடிப் படித்தோம். மொத்தம் 17 விதிகள். ஃப்ரீ கிக் பற்றியது 13ஆம் விதி. எதிரணியினர் 9.15 மீட்டர் விலகி நிற்றல் வேண்டும். ஆயினும் அத்தொலைவு உதைப்பவனுக்காக ஏற்பட்டது. வேண்டாமென விடுத்து அவன் உடனே உதைக்கலாம். நடுவர் சுவரைத் தள்ளி நிறுத்தும்போதும், அட்டை காட்டிய பின்னும், காயத்தாலோ ஆள் மாற்றத்தாலோ ஆட்டம் நின்ற பின்னும் ஊதல் வேண்டும். மற்றபடி வேண்டுவதில்லை. கோல்கீப்பர் ஆயத்தமாக இருத்தல் வேண்டும் என்ற சொல்லையோ எங்குமே காணோம்.

2004 டிசம்பர் 12 அன்று லண்டன் ஹைபரியில் ஆர்சனலும் செல்சியும் மோதின. ஆர்சனலுக்கு ஃப்ரீ கிக் கிடைத்தது. ஊதலுக்குக் காத்திருப்பதா, உடனே உதைப்பதா என்பதை நடுவர் கிரஹாம் போல் தியரி ஹென்றியின் விருப்பத்துக்கு விட்டார். கோல்கீப்பர் செக் சுவரை ஒழுங்கு செய்துகொண்டிருக்கையிலேயே பந்து வலைக்குள் புகுந்தது. செல்சி வீரர்கள் ஆட்சேபித்தனர், கோல் நிலைத்தது.

நடுவர்கள் விதியின் சொல்லோடு அதன் நோக்கத்தையும் பார்க்கின்றனர். நடுக்களத்தில் பந்து ஓரடி தள்ளி வைக்கப்பட்டால் பெரும்பாலும் பாராட்டுவதில்லை. கோலுக்கு அருகிலோ இடத்தில் கண்டிப்புக் காட்டுகின்றனர். விரைந்து உதைத்த பந்தை அருகில் நின்றவன் இடைமறித்தால் ஆட்டம் தொடரும். உதைக்கவே விடாமல் வேண்டுமென்றே தடுத்தால் மஞ்சள் அட்டை. முன்பெல்லாம் அட்டை காட்டுவதென நடுவர் முடிவு செய்துவிட்டால், காட்டும்வரை ஆட்டம் தொடங்கலாகாது. 2019 முதல், நடுவர் அட்டை காட்ட முற்படுமுன் விரைந்து உதைத்துத் தெளிவான கோல் வாய்ப்பை உண்டாக்கினால், அட்டையைப் பின்னர் காட்டலாம். பிழை செய்தவன் அப்பிழையால் ஆதாயம் அடையலாகாது என்பதே இவற்றின் உட்பொருள். நாம் அன்று கேட்ட இரண்டாவது ஊதலோ, பிழை செய்தவர்களுக்குச் சுவர் கட்ட அவகாசம் தந்தது.

மறுவாரம் வகுப்பில், எல்லார் முன்னிலையிலும் அம்மாணவனிடம், “தவறு நம்முடையது” என்றோம்.

“அப்ப அந்தக் கோல் இப்ப சேருமா, ஹஜ்ரத்?”

சேராது. ஆட்டம் மீண்டும் தொடங்கிவிட்டால் நடுவர் தம் தீர்ப்பை மாற்ற இயலாது என்பதும் அதே நூலின் விதி. ஆசிரியனுக்கு அவ்விதி இல்லை. அதனாற்றான் அன்று அவனிடம் சொல்ல முடிந்தது.