இரண்டு உறைகள்

கல்யாணத்துக்கு மொய் வைப்பதென்றாலும் அவருக்கு இரண்டு உறைகள் வேண்டும். பணத்தை ஓர் உறையில் போட்டு, அதன் மேல் தொகையையும் தன் பெயரையும் எழுதி ஒட்டுவார். அதை இன்னோர் உறைக்குள் நுழைத்து, வெளியே மணமக்கள் பெயரை மட்டும் எழுதுவார். "நூத்தியொரு ரூபாய்க்கு இவ்வளவு பந்தோபஸ்தா?" என்று அவர் மனைவி நாற்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். பதிலுக்கு அவர் சிரிப்பதோடு சரி.

அது பழக்க தோஷம். தில்லியில் மத்திய அரசின் அமைச்சகம் ஒன்றில் நாற்பது ஆண்டுகள் ஸ்டெனோவாக இருந்தவர். கும்பகோணத்தில் டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட் இரண்டிலும் ஹயர் தேறி, 1963இல் ஒரு டிரங்குப் பெட்டியுடன் ரயிலேறினார். 2003இல் ஓய்வு பெற்றார். இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது. புசா ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில், இரண்டாவது மாடியில் வீடு. கரோல்பாக் மெஸ்களில் தயிர்சாதம் தேடி அலைந்த காலத்திலிருந்து அந்த வட்டாரத்தை விட்டு அவர் நகரவில்லை. பிள்ளைகள் படித்தது அந்தச் சாலையிலேயே இருக்கும் தில்லி தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில். 2005 டிசம்பர் 31 முதல் புசா ரோட்டின் தலைக்கு மேல் மெட்ரோ ஓடுகிறது. அவர் வேலைக்குப் போன நாட்களில் எல்லாமே பஸ்தான்.

இரண்டு உறைகளின் கதை ஆபீஸில் தொடங்கியது. ரகசியக் கடிதத்தை உள் உறையில் போட்டு, அதன் மேல் ரகசிய முத்திரை குத்தி, அரக்கு வைக்க வேண்டும். வெளி உறையில் முகவரி மட்டும். வழியில் கைமாறும் யாருக்கும் உள்ளே இருப்பது ரகசியம் என்பதுகூடத் தெரியக் கூடாது. காகிதத்திலும் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் காலிலும் முத்திரை உண்டு. டைப் அடித்த கார்பனையும் குறிப்பெடுத்த தாளையும் அவர் கிழித்து எரித்துவிடுவார். நகல் எத்தனை, எது யாரிடம் போயிற்று என்பதற்கும் கணக்கு உண்டு.

முத்திரைகள் நான்கு. மிக ரகசியம், ரகசியம், அந்தரங்கம், ஆபீஸ் உபயோகத்துக்கு மட்டும். ஆங்கிலத்தில் டாப் சீக்ரெட், சீக்ரெட், கான்ஃபிடென்ஷியல், ரெஸ்டிரிக்டெட். எதற்கு எதைக் குத்துவது என்பதற்கு விதிகள் உண்டு. உள்துறை அமைச்சகம் 1994இல் வெளியிட்ட துறைப் பாதுகாப்புக் கையேடு இதைச் சொல்கிறது. வெளியானால் நாட்டுக்கு மிகக் கடுமையான சேதம் என்றால் மிக ரகசியம். கடுமையான சேதம் என்றால் ரகசியம். சேதம் என்றால் அந்தரங்கம்.

இதுவரை யாருக்கும் ஆட்சேபம் இருக்காது. ஆனால் இரண்டாவது, மூன்றாவது படிகளின் விளக்கத்தில் இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. அரசுக்குச் சங்கடம் ஏற்படுத்துவது. கடுமையான சங்கடம் என்றால் ரகசியம். வெறும் சங்கடம் என்றால் அந்தரங்கம்.

"எதிரிக்குத் தெரியக் கூடாதுங்கறது ஒண்ணு. நம்ம முகத்துல கரி பூசக் கூடாதுங்கறது வேற ஒண்ணு. ரெண்டுக்கும் ஒரே ஸ்டாம்பு" என்கிறார் அவர்.

ரகசியமே கூடாது என்று சொல்பவரல்ல அவர். தன் விரல்களால் அடித்தவற்றில் இன்றும் மனைவியிடம்கூட வாய் திறக்காத விஷயங்கள் உண்டு என்கிறார். அவை அப்படியே இருக்க வேண்டியவை என்பதிலும் அவருக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதே அலமாரியில், அதே பூட்டுக்குள், அதிகாரிக்குப் பிடிக்காத ஒரு புகாரும் தவறாகப் போன கொள்முதலும் தூங்கின. குத்துவதற்கு ஒரு நொடி. எடுப்பதற்கு ஆள் கிடையாது. முத்திரையை எடுத்து, நாளைக்கு ஏதாவது வந்தால் பதில் சொல்ல வேண்டியவர் எடுத்தவர்தானே? குத்தியவரை யாரும் கேட்கப்போவதில்லை.

சட்டம் இதை யோசிக்காமலில்லை. 1993இன் பொது ஆவணச் சட்டமும் 1997இன் விதிகளும் இருக்கின்றன. அண்டர் செக்ரட்டரி பதவிக்குக் குறையாத ஓர் அதிகாரி ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ரகசிய ஆவணங்களை எடுத்துப் பார்த்து, தேவையற்ற முத்திரையை இறக்க வேண்டும் என்கின்றன விதிகள். முத்திரை இருக்கும்வரை காகிதம் ஜன்பத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போக முடியாது என்கிறது சட்டம். ஆக, எடுத்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை என்றால் அந்தக் காகிதம் வரலாற்றிலும் சேராது. 1962 சீனப் போர்த் தோல்வியை ஆராய்ந்து 1963இல் முடிக்கப்பட்ட ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை, அறுபது ஆண்டுகள் கடந்தும் அரசு அதிகாரபூர்வமாக வெளியிடவில்லை. நேதாஜி பற்றிய 100 கோப்புகள் 2016 ஜனவரி 23 அன்று வெளியாயின. அதனால் நாட்டுப் பாதுகாப்புக்கு எந்த ஆபத்தும் வந்துவிடவில்லை.

இதெல்லாம் அவர் பேப்பரில் படித்துத் தெரிந்துகொண்டவை. அவரை உறுத்துவது வேறு. அது ஒரே ஒரு காகிதம்.

1991இல் ஒரு நாள் மேலதிகாரி அவரை உள்ளே அழைத்தார். அது ஆண்டு ரகசிய அறிக்கைகள் எழுதும் காலம். ஆபீஸ் பேச்சில் சி.ஆர். நாட்டின் பாதுகாப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அதே உறை, அதே அரக்கு. அன்று டிக்டேட் செய்யப்பட்ட அறிக்கை அவருடைய நண்பரைப் பற்றியது.

நண்பர் திருநெல்வேலிக்காரர். அதே அமைச்சகத்தில் தொழில்நுட்ப அதிகாரி. கரோல்பாக்கில் ஒரே அறையில் ஐந்து வருடம் தங்கியவர்கள். கல்யாணமான பிறகும் அடுத்தடுத்த தெரு. காலையில் ஒரே பஸ், மாலையில் ஒரே பஸ். அந்த வருடம் நண்பர் ஒரு கொள்முதல் ஃபைலில் மேலதிகாரியின் முடிவுக்கு மாறாகக் குறிப்பு எழுதியிருந்தார்.

அறிக்கையில் திட்டு ஒன்றுமில்லை. முந்தைய வருடங்களில் 'மிக நன்று' என்றிருந்த தரம், இந்த முறை 'நன்று' ஆயிற்று. அவ்வளவுதான். நன்று என்பது நல்ல வார்த்தை. பாதகமான குறிப்பு என்றால் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவித்தாக வேண்டும். நல்ல வார்த்தையைத் தெரிவிக்க வேண்டியதில்லை. ஆனால் நண்பருடைய அடுத்த பதவிக்கு 'மிக நன்று' வேண்டும். அதிகாரிக்கு அது தெரியும். ஸ்டெனோவுக்கும் தெரியும். தெரியாதவர் ஒருவர்தான்.

அவர் டைப் அடித்தார். கார்பனை எரித்தார். உறையில் போட்டு அரக்கு வைத்தார். அன்று மாலை புசா ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போது நண்பர் மகளுக்குக் காலேஜில் இடம் கிடைத்ததைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தார். இவர் "ஆமாம், ஆமாம்" என்று சொல்லிக்கொண்டே நடந்தார். சொல்லியிருந்தால் விதியை மீறியவர் ஆகியிருப்பார்; வேலைக்கே ஆபத்து. சொல்லாததால் என்ன ஆனார் என்பதற்கு அவரிடம் இன்றுவரை வார்த்தை இல்லை.

சில வருடங்கள் கழித்துப் பதவி உயர்வுக் குழு கூடியது. நண்பரின் பெயர் வரவில்லை. அவருக்குப் பின் சேர்ந்தவர்கள் மேலே போனார்கள். காரணம் கேட்டு அவர் எழுதிய மனுவுக்கு ஒரு வரியில் பதில் வந்தது. 2001இல் அதே பதவியில் ஓய்வு பெற்றார். பென்ஷனும் அதற்கேற்ற பென்ஷன்தான்.

2008 மே 12. தேவ் தத் என்பவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எல்லைச் சாலை அமைப்பில் பணியாற்றிய பொறியாளர் அவர். 1993–94ஆம் ஆண்டுக்கான அவரது அறிக்கையில் 'நன்று' என்றிருந்தது. பதவி உயர்வுக்குத் தேவை 'மிக நன்று'. அவரிடம் சொல்லவே இல்லை. பெயர் நல்லதாக இருந்தாலும் ஒருவரின் பதவி உயர்வைத் தடுக்கும் குறிப்பு பாதகமானதுதான்; எந்தக் குறிப்பானாலும் ஊழியருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்றது நீதிமன்றம். அடுத்த ஆண்டு மே மாதம் மத்திய அரசும் ஆணை போட்டது. முழு அறிக்கையையும் ஊழியரிடம் காட்ட வேண்டும். ஆட்சேபம் சொல்லப் பதினைந்து நாள் தர வேண்டும்.

தீர்ப்பு பேப்பரில் வந்த அன்று மாலை, ராஜேந்திர நகர் பூங்காவில் நண்பர் அதை உரக்கப் படித்தார். படித்து முடித்ததும் இவர் சொல்லிவிட்டார். பதினேழு வருடம் வைத்திருந்ததைச் சொல்ல இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

நண்பர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீர்தான் அடிச்சீர்னு அன்னைக்கே தெரியும் வே. மறுநாள் காலையில என்னை விட்டுட்டு முந்தின பஸ்ஸுல போனீரே" என்றார்.

பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "நீர் சொல்லாதது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். என்னைப் பத்தி எழுதினதை எங்கிட்டயே மறைக்கதுல நாட்டுக்கு என்ன வே பாதுகாப்பு?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி ஒரு சி.ஆரோடு முடிந்துவிடுவதல்ல. முத்திரை ஒருவரை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்குத் தில்லியிலேயே உதாரணம் உண்டு. 2002 ஜூனில் பத்திரிகையாளர் இஃப்திகார் கிலானியை அதிகார ரகசியச் சட்டத்தின் கீழ் கைது செய்தார்கள். அவர் கம்ப்யூட்டரில் இருந்தது பாகிஸ்தானில் அச்சாகி யாரும் படிக்கக் கிடைத்த ஒரு பிரசுரம். அது ரகசியமே என்று ராணுவ உளவுப் பிரிவு முதலில் கருத்துச் சொன்னது. பிறகு, எல்லோருக்கும் கிடைப்பதுதான் என்று மாற்றிக்கொண்டது. 2003 ஜனவரியில் அரசு வழக்கைத் திரும்பப் பெற்றது. இடையில் ஏழு மாதம் அவர் திஹாரில் இருந்தார்.

அந்தச் சட்டம் 1923இல் வெள்ளைக்காரர்கள் போட்டது. எது ரகசியம் என்று அதில் விளக்கம் கிடையாது. அதை நீக்கிவிட்டு, உண்மையான பாதுகாப்பு விஷயங்களுக்கு மட்டும் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தில் ஓர் அத்தியாயம் சேர்க்கலாம் என்று வீரப்ப மொய்லி தலைமையிலான நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 2006இல் பரிந்துரைத்தது. சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. 2005இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அதற்கு மேலே நிற்கிறது என்பதுதான் ஆறுதல். பொதுநலன் பெரிதென்றால் ரகசியத்தையும் தரலாம் என்று அதில் எழுதியிருக்கிறது.

அமெரிக்காவிலும் முத்திரைக்குப் பஞ்சமில்லை. ஆனால் 2009இல் அந்நாட்டு அதிபர் பிறப்பித்த ஆணை, சட்ட மீறலையும் திறமைக் குறைவையும் மறைப்பதற்காகவோ சங்கடத்தைத் தவிர்ப்பதற்காகவோ எதையும் ரகசியம் ஆக்கக் கூடாது என்கிறது. அங்கே தடை செய்யப்பட்ட காரணம், இங்கே விதியிலேயே காரணமாக எழுதப்பட்டிருக்கிறது.

நண்பர் 2014இல் காலமானார். இப்போது இவர் வீட்டு மாடி அறையில் மதுரையிலிருந்து வந்த ஒரு பையன் தங்கியிருக்கிறான். பக்கத்து ராஜேந்திர நகரில் ஐ.ஏ.எஸ். கோச்சிங். போன மாதம் ஒரு சாயங்காலம் நான்கு முத்திரைகளைப் பற்றிக் கேட்க வந்தான். அவர் பாடம் சொல்லிக்கொடுத்தார். சங்கடம் என்ற வார்த்தையை அடிக்கோடு போடச் சொன்னார். பேச்சு சி.ஆர். பக்கம் திரும்பியபோது பையன், தன் அப்பா சென்னையில் மத்திய அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறார் என்றும், வருடா வருடம் தன் அறிக்கையைத் தானே படித்துப் பார்ப்பார் என்றும் சொன்னான்.

"அவரே படிக்கறாரா?"

"ஆமா சார். ஒருதரம் மார்க் குறைச்சிட்டாங்கன்னு எழுதிக்கூடக் கொடுத்தார்."

"அதனால ஆபீஸ் இடிஞ்சு விழலையே?"

"இல்ல சார்" என்று சிரித்தான் பையன்.

அவர் சிரிக்கவில்லை. கீழே புசா ரோட்டில் ஆபீஸ் விட்டு வருகிற கூட்டம் மெட்ரோ படிகளில் இறங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.