போறணைக்குப் போகாத நத்தார்

பொகவந்தலாவையில் டிசம்பர் மாதம் பிறந்துவிட்டதை அறிய நாட்காட்டி தேவையில்லை. கடைத்தெருப் பேக்கரியிலிருந்து வரும் வாசமே சொல்லிவிடும். எங்கள் ஊரில் தோட்டத்து லயங்களிலும் சரி, கடைத்தெரு வீடுகளிலும் சரி, சொந்தமாகப் போறணை வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு. நத்தாருக்குக் கேக் போடுகிறவர்கள் மாஜரினையும் சீனியையும் முட்டையையும் மாவையும் வீட்டிலே அடித்து, தட்டில் ஊற்றி, துணியால் மூடிப் பேக்கரிக்குக் கொண்டுபோவார்கள். பாண் சுட்டு முடிந்த போறணையின் மிச்சச் சூட்டில் அவை வேகும். எது யாருடைய தட்டு என்று தெரிவதற்காக ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய கடதாசித் துண்டு ஒட்டப்பட்டிருக்கும்.

அந்தத் தட்டுகளில் ஒன்று என் தோழியின் வீட்டுத் தட்டு. முதலாம் வகுப்பிலிருந்து சாதாரண தரம் வரை அவளும் நானும் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். அவளுடைய அம்மா தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். ஒவ்வொரு நத்தாருக்கும் பிராந்தி சேர்ப்பதற்கு முன்பே மாவில் கொஞ்சத்தைத் தனியே எடுத்து, "இது நானா வீட்டுக்கு" என்று ஒரு சின்னக் கேக்கை எங்களுக்காகச் சுடுவார். அந்தத் தட்டு எங்கள் வீட்டிலேயே இருக்கும். பெருநாள் அன்று வட்டிலப்பத்தோடு லயத்துக்குத் திரும்பிப் போகும். எத்தனையோ வருடங்கள் அந்தத் தட்டு வெறுமையாகப் போனதும் இல்லை, வந்ததும் இல்லை.

2022ஆம் ஆண்டு டிசம்பரில் பேக்கரிப் பக்கமிருந்து அந்த வாசம் வரவில்லை.

அந்த வருடத்தை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. ஓகஸ்டில் அரசாங்கம் இறக்குமதியை இடைநிறுத்திய முந்நூறு வரையான பொருட்களில் சொக்லேட்டும் ஒன்று. டிசம்பரிலும் பல நாட்களில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் மின்வெட்டு. முட்டை ஒன்று ஐம்பது ரூபாயைத் தாண்டியிருந்தது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபாய். சொன்ன அளவு கொழுந்து எடுக்காவிட்டால் அதுவும் இல்லை, அரைப்பேர்தான். ஒரு கேக்குக்குப் பத்து முட்டை என்று வைத்தால் அரைநாள் உழைப்புக்கு மேல் முட்டைக்கே போய்விடும். இந்தக் கணக்கை எனக்கு எந்த ஆசிரியரும் கற்றுத் தரவில்லை. வாப்பாவின் கடையில் நின்று கற்றுக்கொண்டேன்.

வாப்பாவுக்குக் கடைத்தெருவில் ஒரு சிறு சில்லறைக் கடை. அங்கே ஒரு கொப்பி உண்டு. அரிசி, மா, பருப்பு, தேங்காயெண்ணெய் என்று மாதம் முழுவதும் எழுதி, சம்பள நாளில் கழிக்கிற கொப்பி. தோழியின் வீட்டுக்கும் அதில் ஒரு பக்கம் இருந்தது. 2022இல் அந்தப் பக்கம் நிரம்பி அடுத்த பக்கத்துக்குப் போனது. பிறகு அவளுடைய அம்மா கடைக்கு வருவது குறைந்தது. நவம்பர் கடைசியில் சாதாரண தரப் பெறுபேறு வந்தபோது தோழியும் எங்கள் கடை இருக்கும் பாதையால் வரவில்லை. கோயில் பக்கத்துச் சுற்றுப் பாதையால் போய்வருகிறாள் என்று மற்றப் பிள்ளைகள் சொன்னார்கள். வாப்பா ஒரு நாளும் அவர்களிடம் கடனைக் கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதும் சிலருக்குப் பாரம்தான் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை.

நானே லயத்துக்குப் போனேன். இஸ்தோப்பில் அவளும் தம்பியும் இருந்தார்கள். அவள் எழும்பி, "வா" என்றாள். அதற்கு மேல் இருவருக்கும் பேச்சு வரவில்லை. ஏழு வயதுத் தம்பிதான் காப்பாற்றினான்.

"அக்கா, இந்த வருசம் கேக்கு இல்லையாம். குடில்ல வைக்க ஆடு மாடும் இல்ல. போன வருசம் ஹட்டன்ல கடையில பார்த்தோம்ல, சொக்லேட்ல மிருகம், அதாச்சும் வாங்கச் சொல்லுக்கா."

"வாங்கத் தேவல்ல, நாங்க செய்வம்" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். என்னிடம் போறணையும் இல்லை, முட்டையும் இல்லை, அச்சும் இல்லை.

வீட்டுக்கு வந்து உம்மாவிடம் சொன்னபோது உம்மா சிரித்தார். "சொக்லேட் பிஸ்கட் புடிங்குக்குப் போறணை வேணுமா மகள்? பிஸ்கட் ஏற்கனவே வெந்ததுதானே." அந்த ஒரு வசனத்தில் என் பிரச்சினையில் பாதி தீர்ந்தது. மீதிப் பாதியை வாப்பா தீர்த்தார். கடையில் பிஸ்கட் டின்களின் அடியில் உடைந்த துண்டுகளும் தூளும் எப்போதும் சேரும். அதை முழு விலைக்கு விற்க முடியாது.

உம்மம்மாவுக்கு மட்டும் ஒரு யோசனை. "உயிருள்ளதுட உருவம் செய்யலாமா? அதுவும் அவங்கட பெருநாளைக்கு?" நான் வாப்பாவைப் பார்த்தேன். ஆயிஷா (ரழி) அவர்கள் சிறு வயதில் விளையாடிய பொம்மைகளுக்கிடையில் சிறகு வைத்த குதிரை ஒன்று இருந்ததையும், குதிரைக்குச் சிறகா என்று கேட்ட நபி (ஸல்) அவர்களுக்கு, சுலைமான் நபியின் குதிரைகளுக்குச் சிறகு இருக்கவில்லையா என்று அவர் பதில் சொன்னதையும், நபியவர்கள் சிரித்ததையும் வாப்பா சொன்னார். "இது பிள்ளைகள் தின்ற சாமான். பெருநாள் அவங்கட. அயல்வீடு எங்கட" என்றார். உம்மம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ரமழானுக்கு வந்ததில் மிச்சமாக ஒளித்து வைத்திருந்த பேரீச்சம்பழத்தை எடுத்து என் கையில் தந்தார். அதுதான் அவருடைய சம்மதம்.

டிசம்பர் 24, சனிக்கிழமை காலை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு லயத்துக்குப் போனேன். தோழியின் அம்மா பையைப் பார்த்தார். முகம் மாறியது.

"எவ்வளவு புள்ள? கொப்பியில எழுதிட்டீங்களா?"

"இல்ல அன்ட்டி, இது சும்மா..."

"சும்மான்னா வேணாம். எடுத்துட்டுப் போங்க."

கோபமாகச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். எனக்குக் காது சூடேறிவிட்டது. நான் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். வரும் வழியெல்லாம் அவர்கள் சந்தோசப்படுவதைக் கற்பனை செய்துகொண்டும் வந்தேன். அந்தக் கற்பனையில் கொடுப்பவளாக நான் நின்றேன், வாங்குபவர்களாக அவர்கள் நின்றார்கள். அன்ட்டி அதை என் முகத்தில் பார்த்திருக்க வேண்டும்.

என்ன சொல்வதென்று தெரியாமல் உண்மையைச் சொன்னேன். "அன்ட்டி, எங்க வீட்டுக்கும் இந்த வருசம் கேக் வராது. எனக்கும் இதுல பங்கு வேணும். என்கிட்ட பிஸ்கட் இருக்கு. தேங்காயும் கச்சானும் அடுப்பும் இல்ல. உங்ககிட்ட இருக்குதானே."

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே போய் ஒரு தேங்காயை எடுத்துவந்து தோழியிடம் கொடுத்தார். "பாதிக்குப் பாதி. சரியா?" என்றார். சரி என்றேன். அதன்பிறகுதான் வேலை தொடங்கியது.

வாசகிகள் யாராவது செய்து பார்க்க விரும்பினால் முறையைச் சொல்கிறேன். நானூறு கிராம் மாரி பிஸ்கட்டைப் பையில் போட்டு, உருட்டுக்கட்டையால் நசுக்க வேண்டும். முழுவதும் மாவாகிவிடக் கூடாது, இடையிடையே பருக்கை இருந்தால்தான் கடிக்கும்போது நன்றாயிருக்கும். பதினைந்து பேரீச்சம்பழத்தை விதை நீக்கிப் பொடியாக வெட்ட வேண்டும். பாதித் தேங்காயைத் துருவி வெறும் சட்டியில் ஈரம் போகும்வரை வறுக்க வேண்டும். ஆடு செய்வதற்குக் கொஞ்சத்தை நிறம் மாறுமுன் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான்கு மேசைக்கரண்டி கொக்கோத் தூளைக் கொஞ்சம் சுடுநீரில் முதலில் குழைக்க வேண்டும். நேரே கொட்டினால் கட்டி கட்டியாக நிற்கும். அரைக் கோப்பை தண்ணீரில் நூற்றைம்பது கிராம் சீனியைக் காய்ச்சி, விரலில் ஒட்டும் பதம் வந்ததும் நூறு கிராம் மாஜரின், கொக்கோ, ஆறு மேசைக்கரண்டி பால்மா சேர்த்து இறக்கி, பிஸ்கட்டோடும் பழத்தோடும் தேங்காயோடும் பிசைய வேண்டும். டின்பால் இருந்தால் சீனியும் பால்மாவும் வேண்டாம். எங்களுக்கு அது எட்டாத விலை. நானூறு கிராம் பால்மாப் பைக்கற்றே ஆயிரம் ரூபாயைத் தாண்டியிருந்தது. நான் கொண்டுபோனது உம்மா வீட்டுப் போத்தலிலிருந்து அளந்து தந்த ஆறு கரண்டி மட்டும்.

அரைக் கோப்பை என்று இப்போது சொல்கிறேன். அன்று நான் ஊற்றியது ஒரு கோப்பை. கலவை கூழாகிவிட்டது. உருட்டினால் தட்டையாகப் படுத்தது. தம்பி அழத் தயாரானான். தோழிதான் சட்டியை வாங்கி, விறகை ஒதுக்கி, மெல்லிய சூட்டில் கிளறிக் கொஞ்சம் வற்றவைத்து, மிச்சம் இருந்த பிஸ்கட் தூளையும் போட்டுப் பிசைந்தாள். கை சூடு தாங்கும் நேரத்தில் உருட்டினால் பிடிபட்டது. வகுப்பிலும் அப்படித்தான். நான் முதலில் கை தூக்குவேன், சரியான விடை அவளிடம் இருக்கும்.

ஆடு எளிது. உருண்டையை வெள்ளைத் தேங்காய்ப் பூவில் புரட்டி, சிறிய தலை ஒட்டி, கண்ணுக்குக் கறுப்பு எள் வைத்தால் போதும். முள்ளம்பன்றி இன்னும் எளிது. ஒரு பக்கம் கூராக்கி, முதுகில் வறுத்த கச்சான் பிளவுகளைக் குத்தினால் அசல் முள்ளம்பன்றிதான். பிஸ்கட் துண்டு கொம்போடு மாடு நன்றாக வந்தது. கழுதையை நான் செய்தேன். முயல் என்றார்கள். காதைக் குறைத்தேன். நாய் என்றார்கள்.

தம்பி சிறுத்தை வேண்டும் என்றான். தேயிலை மலையில் சிறுத்தை நடமாட்டம் இருப்பதால் எங்கள் பக்கத்தில் அதை விளையாட்டாகப் பேச மாட்டார்கள். "குடிலுக்கு எதுக்குடா அது? ஆட்டைத் தின்னுரும்" என்றாள் தோழி. அடுப்படியிலிருந்து அன்ட்டி சொன்னார், "அதுவும் வரட்டும் புள்ள. அதுக்கும் குளிரும்தானே." சிறுத்தைக்கு நெருப்புக்குச்சியால் கொக்கோப் புள்ளி வைத்தோம்.

பேரீச்சம்பழம் எதற்கு என்று அன்ட்டி கேட்டார். மர்யம் (அலை) அவர்கள் பிரசவ வேதனையோடு தனியே ஒரு பேரீச்ச மரத்தடிக்குப் போனதையும், அதை உலுக்கச் சொல்லி அவருக்குப் பழம் கிடைத்ததையும் எங்கள் குர்ஆன் சொல்கிறது என்றேன். அவர் கை வேலையை நிறுத்திக் கேட்டார். "தனியாவா? பக்கத்துல ஒரு பொம்பள கூட இல்லையா?" என்றார். மலையில் வேலை செய்யும் ஒரு தாய் கேட்கக்கூடிய கேள்வி அது. அந்த அத்தியாயத்தை எத்தனையோ தடவை ஓதியிருக்கிறேன். அந்தத் தனிமையை அன்றுதான் யோசித்தேன்.

எல்லாவற்றையும் தட்டில் அடுக்கி யன்னலோரம் வைத்தோம். நாலாயிரம் அடிக்கு மேலேயுள்ள எங்கள் ஊரில் டிசம்பர் குளிருக்கு முன்னால் குளிர்சாதனப் பெட்டி எதற்கு? மின்வெட்டும் அதை ஒன்றும் செய்ய முடியாது. பின்னேரத்துக்குள் எல்லா மிருகங்களும் இறுகி நின்றன.

அவை இறுகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் தோழி சொன்னாள். "நான் உயர்தரம் படிக்கல. தை மாசம் கொழும்புக்குப் போறேன். உடுப்புக் கடையில வேலை."

அவள் சித்தியடையாமல் இருந்திருந்தால் எனக்கு ஆறுதல் சொல்லத் தெரிந்திருக்கும். உயர்தரம் படிக்கப் போதுமான பெறுபேறு அவளிடம் இருந்தது. கணிதத்தில் என்னைவிட நல்ல பெறுபேறு. நான் ஒன்றும் சொல்லவில்லை. சட்டியில் ஒட்டியிருந்ததை இருவரும் சுரண்டித் தின்றோம்.

முப்பத்தொரு மிருகங்கள். பாதிக்குப் பாதி என்றால் ஒன்று மிஞ்சும். மறுநாள் நத்தார் காலையில் தம்பி எங்கள் வீட்டுக்குப் பழைய தட்டைத் துணி போட்டு மூடி எடுத்துவந்தான். பதினாறு இருந்தன. மிஞ்சிய ஒன்று சிறுத்தை. "நானா கடைக்கு" என்றான். வாப்பா அதைச் சாப்பிட மனமில்லாமல் பணப்பெட்டிக்கு மேலே வைத்திருந்தார். எறும்பு வந்த பிறகு உம்மம்மா, "அல்லாஹ்ட ரிஸ்க்க வீணாக்கப் போடாது" என்று எடுத்துத் தின்றுவிட்டார்.

தையில் அவள் கொழும்புக்குப் போனாள். நான் இந்தக் கல்லூரிக்கு வந்து விடுதியில் சேர்ந்தேன். ஏப்ரல் 22ஆம் திகதி நோன்புப் பெருநாள். முட்டை விலை அப்போதும் இறங்கவில்லை. உம்மா வழமையில் பாதி அளவுதான் வட்டிலப்பம் செய்தார். அதிலும் பாதி அந்தத் தட்டில் லயத்துக்குப் போனது. பெருநாளுக்கு அடுத்த வாரம் அன்ட்டி கடைக்கு வந்தார். நேர்ப் பாதையால் வந்தார். மகள் அனுப்பிய பணத்தை எண்ணி வைத்து, "கொப்பியை எடுங்க நானா" என்றார். வாப்பா அந்த இரண்டு பக்கங்களுக்கும் குறுக்கே கோடு இழுத்தார். அன்று இரவு வாப்பா சாப்பிடும்போது யாரோடும் பேசவில்லை.

அந்தக் கோட்டைப் பற்றி நான் விடுதியில் இருந்து அடிக்கடி யோசிப்பதுண்டு. அன்ட்டிக்கு அது மானம். வாப்பா கடனைத் தள்ளிவிட்டிருந்தால் அவர் மறுபடியும் சுற்றுப் பாதையால்தான் போயிருப்பார். ஆனால் என்னுடைய தோழி ஒரு வருடப் படிப்பைக் கொடுத்து வாங்கிய கோடு அது. அவள் கணிதம் படித்திருக்க வேண்டிய மேசையில் நான் இருந்து படிக்கிறேன். இதை எந்தக் கொப்பியில் எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை தொலைபேசியில் பேசினாள். நத்தாருக்கு நான்கு நாள் விடுமுறை கிடைக்குமாம். மறுபடியும் பரீட்சை எழுதலாமா, வெளிவாரியாகப் படிக்க முடியுமா என்று என்னிடம் கேட்டாள். பாடத்திட்டப் புத்தகங்களைப் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன் என்றேன். பிறகு நத்தார்க் கதை வந்தது.

"முட்டை விலை குறைஞ்சா இந்த முறை கேக்கே போடலாம்" என்றாள்.

"குறைஞ்சாலும் குறையாட்டியும் மிருகமும் செய்வம்" என்றேன்.

"சரி. ஆனா கழுதையை மட்டும் நீ செய்யாத."